மார்மட்டம்

"தண்ணி எதுவரைக்கும் வருது மாமா?"

"விலாவுக்குக் கீழ போயிருச்சு. போன வாரம் மார்ல நின்ன தண்ணி."

"வெயிலு குடிச்சிருக்கும்."

"வெயிலு என்ன, சொம்பு கொண்டாந்து மோந்தா குடிக்குது? மீசை மொளைக்க முந்தியே மடை திருப்புனவன்டி நான். எனக்கு வெயிலச் சொல்லிக் குடுக்காத."

சுப்புராஜ் தண்ணீருக்குள் நின்றுகொண்டுதான் இதைச் சொன்னார். ஒரு கை எவர்சில்வர் கம்பியைப் பிடித்திருந்தது. மறு கை தண்ணீரைத் தட்டிக்கொண்டிருந்தது, பிடிக்காத மாட்டைத் தட்டுவது மாதிரி. மேலே மோட்டார் ரூம் நிழலில் அவர் பெண்சாதி பாண்டிச்செல்வி முறத்தை மடியில் வைத்து, காலையில் பறித்த மல்லிகை மொட்டில் கிடந்த இலையையும் எறும்பையும் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். கைதான் முறத்தில் இருந்தது. கண் தண்ணீருக்கு அடியில், அவருடைய முழங்காலில் இருந்தது.

"நடங்க. நின்னுக்கிட்டே வஞ்சா கால் மரத்துப் போகும்."

"கல்லக் கட்டிவிட்ட மாதிரி கனக்குதுடி."

"கனக்கட்டும். நடங்க."

அவர் நடந்தார். கம்பியில் கையை நகர்த்தி, இடுப்பை ஒருபக்கம் சாய்த்து, ஒரு காலை எடுத்து வைத்து, மறு காலை இழுத்து வைத்து, அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பினார். திரும்பும்போது மேல்மூச்சு வாங்கியது. பாண்டிச்செல்வி குனிந்து முறத்தைப் பார்த்துக்கொண்டாள்.

நிலக்கோட்டைக்குக் கிழக்கே எங்கள் பக்கம் பூத்தோட்டம் வைத்திருக்கிறவர்கள் எல்லாரிடமும் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. போர்க் கிணற்றுத் தண்ணீரை அதில் தேக்கி, மடை திறந்து செடிக்கு விடுவார்கள். சுப்புராஜின் தொட்டி மட்டும்தான் நீச்சல் குளமாகிப்போனது. ஓசூரில் வேலை பார்க்கிற மகள் பவித்ரா ஆள் கூட்டிவந்து, வெளியே சக்கர நாற்காலி ஏறச் சரிவு கட்டி, உள்ளே படி இறக்கி, நீலச் சில்லு பதித்து, சுற்றிலும் கம்பி வைத்து, தண்ணீரைச் சலித்துச் சுத்தம் பண்ணுகிற மிஷினும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள். "சுப்புராஜு வீட்ல நீச்சல் குளமாம்ல, சினிமாக்காரக மாதிரி" என்று டீக்கடையில் பேசினார்கள். அதில் ஒருவரும் நீந்தியதில்லை. அது நடப்பதற்குக் கட்டிய குளம்.

அவர் பூ மூட்டை ஏற்றிய வண்டியின் மேல் உட்கார்ந்து மார்க்கெட்டுக்குப் போகிறவர். முந்தின வருசத்துக்கு முந்தின ஆடியில், பாலத்துப் பள்ளத்தில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. மூட்டை நின்றது, அவர் விழுந்தார். முதுகுத்தண்டு. மதுரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணி உயிரோடு அனுப்பினார்கள். கால் இரண்டிலும் உணர்ச்சி இருந்தது. கொசு கடித்தால் தெரியும், தரை சுட்டால் தெரியும். உடம்பைத் தாங்கத்தான் தெம்பு இல்லை.

திண்டுக்கல்லில் கால் பயிற்சி கொடுக்கிற பெண் சுகன்யா. சின்ன வயசு, பெரிய பேச்சு. அவள்தான் தண்ணீர் வைத்தியம் சொன்னவள்.

"தண்ணி மார்மட்டம் நிக்கணும்ணே. அப்ப ஒங்க கனத்துல முக்காவாசியத் தண்ணி தூக்கிக்கிரும். மிச்சத்தத் தூக்க ஒங்க காலுக்குத் தெம்பு இருக்கு."

இருந்தது. முதல் தடவை இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்த அன்றைக்கு, நடந்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரையில் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டு, "சோத்தப் போடு. கருவாடு இருந்தாச் சுடு" என்றார். பாண்டிச்செல்விக்குக் கருவாடு சுட்ட புகை அன்றைக்கு ரொம்ப நேரம் கண்ணில் இருந்தது.

தை முடிவில் சுகன்யா அடுத்ததைச் சொன்னாள்.

"இனிமே கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணிய எறக்குங்கண்ணே. மார்ல இருந்து வயிறு, வயித்துல இருந்து இடுப்பு. கனம் கால்ல ஏறணும்."

"ஏறி?"

"ஏறுனாத்தான வெளிய நடக்க முடியும்."

"எனக்கு உள்ள நடந்தாப் போதும் தாயி."

"அண்ணே, அப்படிச் சொல்லக் கூடாது."

"நான் சொல்லல. என் காலு சொல்லுது. ஒரு தடவ வெளிய நடந்து பாத்தாச்சு."

அந்தக் கதை சுகன்யாவுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த புதுசில் நாலு கால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல், மாட்டுக்கொட்டகைக்கும் அடுப்படிக்கும் நடுவில் நடந்து பார்த்தார். விழுந்தார். பாண்டிச்செல்வி மொட்டுப் பறித்துவிட்டு வருகிற வரைக்கும் அங்கேயே கிடந்தார். நாய் வந்து முகத்தை மோந்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்கப்புறம் வாக்கரைத் தொடவில்லை. இப்போது அதில் மாட்டுக் கயிறு தொங்குகிறது.

அதனால் தண்ணீரை இறக்கச் சொன்ன பேச்சு அன்றைக்கே முடிந்துவிட்டது, அவரைப் பொறுத்தவரைக்கும்.

பாண்டிச்செல்வியைப் பொறுத்தவரைக்கும் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. வெயில் குடித்தது கொஞ்சம்தான். மிச்சத்தை அவள்தான் திறந்துவிட்டுக்கொண்டிருந்தாள். தொட்டிக்குப் பின்னால் பழைய மடைக் குழாய் இருந்தது. அதன் சக்கரத்தை லேசாகத் திருகினால் சத்தமில்லாமல் தண்ணீர் வரும். விடியக்காலம் மொட்டுப் பறிக்கிற நேரத்தில் திறப்பாள். வாய்க்காலில் ரெண்டு வெட்டு மண்ணைப் போட்டு, தண்ணீரைச் செடிப் பக்கம் போகவிடாமல் வேலியோரத்து வேப்பமரத்துக்குத் திருப்புவாள். கிழக்கு வெளுத்ததும் மூடிவிடுவாள். விரற்கடை, விரற்கடையாக இறக்கினாள்.

அவளோடு மொட்டுப் பறிக்க வருகிற மூக்காயி, சுப்புராஜின் செத்துப்போன அண்ணன் பெண்சாதி. அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"ஏ பாண்டி, ஊரே குடத்தத் தூக்கிக்கிட்டு அலையுது. ஒன் வேப்பமரம் மட்டும் குளிச்சு முழுகி நிக்கிது."

"மெல்லப் பேசுக்கா."

"மல்லிக வதங்கிக் கெடக்கு. அதுக்காச்சும் விட்டுத் தொலையேன்."

"குளத்துக்கு மருந்து போட்ட தண்ணிக்கா. செடி கருகிரும்."

"பின்ன எதுக்குத்தேன் விடுறவ?"

பாண்டிச்செல்வி சொன்னாள். மூக்காயி மொட்டுப் பறித்த கையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"சொல்லிட்டுச் செய்யலாம்ல?"

"சொன்னா தண்ணிக்குள்ளயே எறங்க மாட்டாக."

"கொழுந்தனாருக்குத் தெரிஞ்சா?"

"தெரியும்போது நடந்துக்கிட்டு இருப்பாக. வெரட்டி வந்து என்னைய நாலு அடி அடிக்கட்டும்."

மூக்காயி சிரித்தாள். பாண்டிச்செல்வி சிரிக்கவில்லை. அந்த நாலு அடியை அவள் உண்மையாகவே வேண்டிக்கொண்டிருந்தாள்.

சித்திரை பிறந்ததும் வெயில் எரித்தது. சிறுமலை வெளுத்துப் புகை மாதிரித் தெரிந்தது. போர்க் குழாயில் தண்ணீர் கட்டை விரல் தடிமனில் கொஞ்ச நேரம் வந்து, அப்புறம் காற்றைத் துப்பியது. வந்த தண்ணீரைச் செடிக்கு விடுவதா, குளத்தில் ஏற்றுவதா என்று தினமும் வாக்குவாதம். மல்லிகை பூக்கிற காலமே இதுதான். செடி காய்ந்தால் வீடு காய்ந்தது. அதனால் செடிக்கே விட்டார்கள். குளம் இறங்கிக்கொண்டே போனது. ஒரு நாள் சுத்தம் பண்ணுகிற மிஷின் தொண்டையில் சளி கட்டினவன் மாதிரிக் கொரகொரத்தது.

திண்டுக்கல் பேகம்பூரிலிருந்து முகமது ரஃபீக் வண்டியில் வந்தான். மிஷின் மாட்டியதிலிருந்து மருந்து போடுவதும் பார்ப்பதும் அவன்தான். வந்ததும் மிஷினை நிறுத்தினான்.

"அண்ணே, எம்புட்டுத் தடவ சொல்லிருக்கேன். சுவத்துல இந்தா இருக்குல்ல, இந்த வாய். இதுல பாதி வரைக்கும் தண்ணி நிக்கணும். கூடுனா மேல மெதக்குற தூசி உள்ள போகாது. கொறஞ்சா மோட்டார் தண்ணிக்குப் பதிலாக் காத்தக் குடிச்சு, புகைஞ்சிரும். இப்ப வாய் அந்தரத்துல தொங்குது."

"நான் என்ன குடிச்சேனா? எங்கிட்டோ ஒழுகுதப்பா. ஒன் வேலைதேன் லட்சணம்."

"சில்லு பதிச்சது என் கண்ணு முன்னாடிண்ணே. ஊசி முனை ஓட்டை இருக்காது."

"வெயிலுன்னுதேன் நானும் சொல்றேன்" என்றாள் பாண்டிச்செல்வி.

"சண்டை எதுக்கு. வாளி வச்சுப் பாத்துருவோம்" என்றான் ரஃபீக்.

ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே மோந்து, உள்படியில் பாதி முங்க வைத்தான். வாளிக்குள் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கோடு, வெளியே குளத்துத் தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு கோடு. நாளைக்கு இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில். வெளியே மட்டும் அதிகமாக இறங்கியிருந்தால் ஒழுகல். இதைச் சொல்லிவிட்டு, கீழிருந்து மட்டும் தண்ணீர் எடுக்கிற மாதிரி மிஷினைத் திருப்பி வைத்து, கூழ் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் விடியக்காலம் பாண்டிச்செல்வி மடையை மூடிவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினாள். வெளியே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்து, வாளியிலும் அதே அளவு மோந்து கொட்டினாள்.

காலையில் ரஃபீக் வந்து குனிந்து பார்த்தான். கோட்டைப் பார்த்தான். வேலியைப் பார்த்தான். வேப்பமரத்தடியில் புல் முளைத்துக் கிடந்தது. சுற்று வட்டாரத்தில் அந்தப் பச்சை எங்கேயும் இல்லை.

"ரெண்டும் ஒண்ணுபோல எறங்கிருக்குண்ணே. வெயில்தான்."

"எத்தன வெரக்கட?"

"மூணு."

"ஒரே நாள்ல வாளித் தண்ணி மூணு வெரக்கட எறங்குச்சா? ஏப்பா, எங்க வீட்டு மாடு குடிக்கிற தொட்டிகூட அம்புட்டு எறங்காது. அதுல மாடு வேற குடிக்குது."

ரஃபீக் வாளியைக் கவிழ்த்து வைத்தான். வண்டியை எடுக்கும்போது பாண்டிச்செல்வியிடம் மட்டும் சொன்னான்.

"வேப்பமரம் நல்லாச் செழிச்சிருக்குக்கா."

"ம்."

"அண்ணன் என்னைய நம்பலைனாலும் பரவால்ல. தானா எதுவும் செய்ய வேண்டாம்னு மட்டும் சொல்லிவைங்க."

அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். தொட்டி ஒழுகினால் எங்கள் பக்கம் என்ன செய்வோம் என்று எல்லாருக்கும் தெரியும். பசுஞ்சாணியைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால், வெடிப்பு எங்கே இருந்தாலும் தண்ணீர் சாணியை இழுத்துக்கொண்டு போய் அங்கே அடைத்துவிடும். மண் வாய்க்காலுக்கும் சுண்ணாம்புத் தொட்டிக்கும் கேட்கிற வைத்தியம்.

பாண்டிச்செல்வி பூவோடு நிலக்கோட்டைக்குப் போன நேரம் பார்த்து, சுப்புராஜ் மூக்காயியைக் கூப்பிட்டார்.

"மதினி, ஒரு அண்டா சாணி கரைங்க."

"எதுக்குக் கொழுந்தனாரே? வாசத் தெளிக்கவா?"

"குளத்துல ஊத்த."

மூக்காயி அண்டாவைத் தேடுகிற மாதிரி அங்குமிங்கும் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னால் பாண்டியைக் காட்டிக் கொடுத்த மாதிரி. சொல்லாவிட்டால் நல்ல தண்ணீர் பாழ்.

"பாண்டி வரட்டுமே. அவளக் கேட்டுக்கிட்டு."

"என் தொட்டிக்கு நான் அவளக் கேக்கணுமா?"

"சாமி கும்புடுற மாதிரி சுத்தமா இருக்கு. அதுல போயி."

"நீங்க கரைக்கிறீகளா, நான் தவந்து வந்து கரைக்கவா?"

தவழ்ந்து வருவேன் என்று அவர் சொன்னதும் மூக்காயியால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கரைத்தாள். ஓர் அண்டா போதவில்லை என்று இன்னோர் அண்டாவும் கரைக்கச் சொன்னார். சரிவின் மேல் நாற்காலியில் உட்கார்ந்து, மேலாக்க ஊத்துங்க, ஓரமா ஊத்துங்க என்று வேலை வாங்கினார். ரொம்ப நாளைக்கப்புறம் ஒரு வேலையை அவர் நின்று பார்த்த மாதிரி முகம் இருந்தது என்று மூக்காயி பிற்பாடு சொன்னாள்.

பாண்டிச்செல்வி வந்து பார்த்தபோது நீலம் இல்லை. ஏரி மாதிரிப் பச்சையாகக் கிடந்தது. மிஷின் செத்திருந்தது.

சேதி கேட்டு ரஃபீக் வந்தான். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"என்னண்ணே இது?"

"சாணி. வெடிப்ப அடைக்கும்."

"அடைச்சிருச்சுண்ணே. என் மிஷின முழுசா அடைச்சிருச்சு."

"கிண்டலாப்பா?"

"நான் எங்க கிண்டல் பண்றது. இதுக்குள்ள நீங்க எறங்க முடியாது. மருந்து எம்புட்டுப் போட்டாலும் சாணி தின்னுரும். கால்வாசித் தண்ணிய வெளியேத்தணும். இடுப்பளவு மிஞ்சுனா படிகாரத்தப் போட்டு, அழுக்கக் கீழ படிய வச்சு, உறிஞ்சி எடுத்துத் தெளிய வச்சுத் தாரேன். அதுக்கு மேல ஏத்த ஒங்க போர்ல தண்ணி இருக்கா?"

இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். லாரித் தண்ணீர் திண்டுக்கல்லுக்கே வந்து சேரவில்லை. மார்மட்டத்துக்குத் தண்ணீர் ஏற வேண்டுமென்றால் ஐப்பசி மழை பெய்ய வேண்டும்.

"மழை வரைக்குமா?" என்று சுப்புராஜ் கேட்டார். மடியில் கிடந்த துண்டை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார்.

ரஃபீக் பாண்டிச்செல்வியைப் பார்த்தான். அப்புறம் மிஷினைக் கழற்றுகிற சாக்கில் மோட்டார் ரூமுக்குள் போய்விட்டான்.

"வெடிப்பு எங்கயும் இல்ல மாமா" என்றாள் அவள்.

"பின்ன?"

"நான்தேன் மடையத் தொறந்துவிட்டேன்."

"மல்லிகைக்கா?"

"மருந்துத் தண்ணிய மல்லிகைக்கு விடுவேனா. வேம்புக்கு."

"வேம்புக்கா?" அவருக்கு விளங்கவில்லை. "ஊரு காயிற காச்சல்ல நல்ல தண்ணிய வேப்பமரத்துக்கு விட்டியா? கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"சுகன்யாப் பிள்ள சொன்னத நீங்க கேக்கல. நான் கேட்டேன்."

துண்டு மடியில் அப்படியே நின்றது.

"எப்ப இருந்து?"

"மாசியில இருந்து."

"வாளி?"

"அதுலயும் நான்தேன் மோந்தேன்."

"அப்ப அன்னைக்கு விலாவுக்குக் கீழ நின்ன தண்ணில, நான் கல்லு கல்லுன்னு சொல்லிக்கிட்டு நடந்தது…"

"அது கல்லு இல்ல. நீங்கதேன். ஒங்க கனம்."

"விழுந்திருந்தா?"

"அங்கனதான உக்காந்திருந்தேன். ஒரு நாளாச்சும் அடுப்பப் பாக்க எந்திரிச்சுப் போயிருக்கேனா? மொட்டுப் பொறுக்குற வேலைய வீட்ல வச்சே பாக்கலாம்."

"எதுக்குடி? நான் தண்ணிக்குள்ள நல்லாத்தான இருந்தேன்."

"நீங்க இருந்தீக. நான் மேலதான இருந்தேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நெட்டை மாப்பிள்ளைன்னு எங்க சித்தி மக்க கேலி பண்ணுவாளுக. கழுத்து வலிக்கும்டி ஒனக்குன்னு. அடுப்படி நெலையில தலை தட்டும், அங்க நின்னுக்கிட்டுத்தேன் சோத்துக்கு என்ன வெஞ்சனம்னு கேப்பீக. நான் அண்ணாந்து பதில் சொல்லுவேன். இப்ப ரெண்டு வருசமா ஒங்க உச்சந்தலையத்தேன் பாத்துக்கிட்டு இருக்கேன். எங்க நரைச்சிருக்கு, எங்க சுழி இருக்குன்னு எனக்குத் தெரியும். மூஞ்சி மறந்துபோயிரும் போல இருக்கு மாமா."

"அதுக்குன்னு என்னையக் கேக்காம என் காலுக்குக் கீழ தண்ணிய உருவுவியா?"

"கேட்டா விடுவீகளா?"

"விட மாட்டேன்."

"அதேன்."

அன்றைக்கு அவர் சோறு வேண்டாமென்று சொல்லிவிட்டார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அவளும் சாப்பிடவில்லை. குழம்பை மாடத்தில் மூடி வைத்தாள். செய்தது தப்பா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. தண்ணீர் போச்சு என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் காலையில் தண்ணீரைத் திறந்துவிட ரஃபீக் வந்தான். மூக்காயி மண்வெட்டியோடு வந்தாள்.

"இப்ப இந்தத் தண்ணி செடிக்கு ஆகுமா தம்பி?" என்று கேட்டாள்.

"ஆகும்மா. மருந்தச் சாணி முறிச்சிருச்சு. ஒரம் வேற போட்டாச்சு."

"அப்ப மல்லிகைக்கே திருப்புறேன். வேம்பு குளிச்சது போதும்."

ரஃபீக் மடைச் சக்கரத்தில் கை வைத்தான். அப்போது சுப்புராஜ் பேசினார்.

"இருப்பா. என்னைய உள்ள எறக்கி விடுங்க."

"சாணித் தண்ணிண்ணே."

"நான் என்ன பன்னீருலயா பெறந்தேன்?"

பாண்டிச்செல்வி நாற்காலியைச் சரிவில் ஏற்றினாள். எப்போதும்போல அவர் கையை ஊன்றி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். கம்பியைப் பிடித்து எழுந்தார். பச்சைத் தண்ணீர் தொப்புளுக்கு மேல் நின்றது. அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தானும் இறங்கினாள். இத்தனை நாளில் அவள் அதற்குள் இறங்கியதில்லை. தண்ணீர் அவளுக்கு மாருக்கு வந்தது.

"ஒன்னைய யாரு எறங்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"தொறப்பா" என்றார் ரஃபீக்கைப் பார்த்து.

தொட்டிக்கு வெளியே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் நீலச் சில்லில் ஈர விளிம்பு தெரிந்தது. வாய்க்கால் பக்கமிருந்து மூக்காயி குரல் கொடுத்தாள்.

"மொதப் பாத்தி நெறஞ்சிருச்சு."

சுப்புராஜ் நின்றார். அலுத்தபோது படியில் உட்கார்ந்தார். மறுபடி எழுந்து நின்றார். தண்ணீர் தொப்புளுக்கு வந்தது. முகத்தில் வேர்த்து ஒழுகியது.

"எரியுதா?" என்றாள்.

"தொடை எரியுது."

"எரிஞ்சா நல்லதாம். சுகன்யாப் பிள்ள சொல்லுச்சு."

"அந்தப் பிள்ளைக்கு என்ன, வாய்தான வலிக்குது."

மேலே ரஃபீக் சிரித்தான். அடுத்த பாத்தி நிறைந்தது, அதற்கடுத்ததும் நிறைந்தது. வாடிக் கிடந்த செடியில் தண்ணீர் ஏறும்போது வருகிற மண் வாசமும் சாணி வாசமும் சேர்ந்து அடித்தது. தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது. ரஃபீக் மடைக்குப் போனான்.

"இடுப்பு வந்துருச்சுண்ணே. மூடிரவா? இத நான் தெளிய வச்சுத் தந்துருவேன். மழை வரைக்கும் இத வச்சு நடக்கலாம்."

கம்பியைப் பிடித்த சுப்புராஜின் கை வெளுத்திருந்தது. அவர் கால் நடுங்குவது தண்ணீரில் வளையம் வளையமாகத் தெரிந்தது.

"மதினி" என்று கத்தினார். "இன்னும் எத்தன பாத்தி காஞ்சு கெடக்கு?"

"மேக்குப் பக்கம் பூராவுந்தேன் கெடக்கு கொழுந்தனாரே."

பாண்டிச்செல்வி மூடு என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்று அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். தாடையில் சவரம் பண்ணாத வெள்ளை முடியும், கழுத்தில் ஓடுகிற நரம்பும் கீழிருந்து பார்க்கும்போது புதுசாக இருந்தது.

"என்னடி பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

"பாயட்டும்ப்பா" என்றார் அவர், மடைப் பக்கம் திரும்பாமலே.

"அண்ணே, அப்புறம் மழை வரைக்கும் ஒண்ணும் இருக்காது."

"பாயட்டும்."

தண்ணீர் தொடைக்கு இறங்கியது. ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து அவள் தோளில் வைத்தார். ஈரமான, கனமான கை. வாய்க்காலில் மண்வெட்டிச் சத்தம் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது. முழங்கால் வெளியே தெரிந்தது, சூம்பிப்போய், சாணிப் பச்சை ஒட்டி. தண்ணீர் தாங்கிக்கொண்டிருந்த கனம் கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோளுக்கு வந்தது. அவள் காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள்.